இரண்டு பத்துக்கு ஓர் அப்டேட்!

போன் அடித்தது.

வாணி எடுக்கவில்லை.

திங்கட்கிழமை மதியம் இரண்டே காலிலிருந்து அது அடித்துக்கொண்டேதான் இருந்தது. எடுத்தால் திட்டு. எடுக்காவிட்டால் நேரில் வந்து திட்டு. ஆண்டர்சன்பேட்டையில் 'கேஜ் நெட்' என்று போர்டு மாட்டிய ஒரு சின்ன அறையில் உட்கார்ந்து, கோலார் தங்கவயலின் இரண்டாயிரத்துச் சொச்ச வீடுகளுக்கு இன்டர்நெட் கொடுக்கும் புண்ணியம் அவளுடையது. வயரை இழுப்பது அவள் கணவன் வாசு. வசவை வாங்குவது வாணி.

இன்றைய வசவுக்குக் காரணம் உண்டு. இரண்டு பத்துக்கு ஃபேக்டரி டவுன்ஷிப் பகுதியின் ரௌட்டர்கள் எல்லாவற்றிலும் புது சாஃப்ட்வேர் இறங்கியிருந்தது. ரௌட்டர் தானாக அணைந்து, தானாக எழுந்து, மறுபடி பச்சை விளக்கு எரிய நான்கு நிமிடம். அந்த நான்கு நிமிடத்தில் குடி முழுகிவிட்டதாகச் சொல்ல நாற்பது பேர் வரிசையில் காத்திருந்தார்கள்.

எட்டாவது தடவை எடுத்தாள்.

"கேஜ் நெட்டுங்க. நாலு நிமிஷம்தான் கட்டு. இப்ப வந்திருக்கும் பாருங்க..."

"வாணி... நான் பார்வதம்மா. மைசூர் மைன்ஸ்லருந்து."

"சொல்லுங்கக்கா. உங்க ஏரியாவுக்கு நாளைக்குத்தான் அப்டேட்டு."

"நெட்டு கெடக்குது வுடு. பக்கத்து வூட்டு கிருஷ்ணப்பா... மண்டை ஒடைஞ்சி கெடக்கறாரு. ஒரே ரத்தம். உசுரு இல்ல வாணி."

வாணி எழுந்து நின்றாள்.

"உன் வூட்டுக்காரன் எங்க?"

"இன்னாத்துக்குக்கா அவரைக் கேக்கறீங்க?"

"மதியானம் அவன்தான் வந்து இவரோட சண்டை போட்டுக்கினு இருந்தான். சொவரைத் தாண்டிக் கேட்டுச்சு. பக்கத்துல ஒரு சுத்தியல் கெடக்குது..." பார்வதம்மாவுக்கு மூச்சு வாங்கியது. "புடியில 'வாசு'ன்னு எழுதிக்கீது."

* * *

செவ்வாய்க்கிழமை. காலை பத்தரை.

போலீஸ் ஸ்டேஷன்.

வாசு கம்பிக்குப் பின்னால் இருந்தான். ஒரே ராத்திரியில் பத்து வயது கூடியிருந்தது. வாணிக்கு அழுகை வந்தது. அழுதால் நேரம் வீண் என்று விழுங்கிக்கொண்டாள்.

"இன்னாத்துக்கு அவரோட சண்டை போட்டீங்க?"

"சண்டை இல்ல வாணி. நாளைக்கு உங்க ஏரியாவுக்கு அப்டேட்டு, பெல் வரும், மூணு அமுக்குங்கன்னு சொல்லப் போனேன். அமுக்க மாட்டேன்னாரு. அவரு குரலு உனக்குத் தெரியாதா? காதுகிட்டவே முப்பது வருசம் இன்ஜின் ஓடின ஆளு, கத்தித்தான் பேசுவாரு. அப்பால அவரே காபி போட்டுக் குடுத்தாரு."

"சுத்தியல்?"

"ஜன்னல்கிட்ட கேபிள் தொங்கினு இருந்துச்சு. நாலு கிளிப்பு அடிச்சேன். டேபிள் மேல மறந்து வெச்சிட்டேன். ஒண்ணே முக்காலுக்குக் கெளம்பிட்டேன். அப்ப அவரு பாட்டு கேட்டுக்கினு இருந்தாரு."

வாணி நம்பினாள். அவள் நம்பி என்ன பிரயோசனம்?

கிருஷ்ணப்பாவை அவளுக்கும் தெரியும். சுரங்கம் ஓடிய காலத்தில் வைண்டிங் இன்ஜின் டிரைவர். கேஜ் என்கிற இரும்புக் கூண்டில் ஆட்களைப் பாதாளத்துக்கு இறக்கி, ஷிப்ட் முடிந்ததும் உயிரோடு மேலே கொண்டுவந்து சேர்க்கிற வேலை. கீழேயிருந்து மூன்று பெல் வந்தால், கேஜில் ஆள் இருக்கிறான் என்று அர்த்தம். இவரும் பதிலுக்கு மூன்று அடிக்க வேண்டும். அதன் பிறகுதான் லீவரில் கை வைக்கலாம். முப்பது வருடத்தில் ஒரு விபத்து கிடையாது.

அந்த மனிதரிடம் போய், 'உங்கள் வீட்டு ரௌட்டர் இனிமேல் தன்னைத் தானே மாற்றிக்கொள்ளும்' என்று சொன்னால்?

"பெல் அடிக்காம கேஜ் எறங்கக் கூடாது" என்று கடைக்கே வந்து போர்டு தெறிக்கக் கத்தினார். "என் வூட்டு டப்பாவை என்னைக் கேக்காம எவனோ எங்கியோ குந்திக்கினு திருகுவானா? கேட்டுட்டுத் திருகு."

வாணி விடவில்லை. "ஓட்டை விழுந்த ரௌட்டரை அப்படியே வுட்டா, கதவைத் தொறந்து போட்டுட்டுத் தூங்கற மாதிரிங்க. ஒவ்வொருத்தரையும் கேட்டுக்கினு இருந்தா அடுத்த ஜென்மத்துலதான் முடியும்."

கேட்டுச் செய்வதா, கேட்காமல் செய்வதா? இந்தச் சண்டை கடையிலிருந்து வீட்டுக்கும் வந்தது. மூன்று வாரம் புருஷனும் பெண்டாட்டியும் இதே பேச்சு. வாசு கிழவர் பக்கம். கடைசியில் ஒரு சமரசம்.

பெல் லிஸ்ட்!

ஊர் முழுக்க ஆட்டோமேட்டிக். பழைய சுரங்கத்து ஆட்கள் இருக்கும் பதினோரு வீடுகளுக்கு மட்டும் வாசு ஓர் ஏற்பாடு செய்தான். அந்த வீட்டு ரௌட்டரை அப்டேட் செய்ய வாணி இங்கே கை வைத்தால், வீட்டுக்காரரின் போனில் மூன்று ரிங் போகும். அடுத்து ஒரு மெசேஜ். பதிலுக்கு மூன்று என்று அழுத்தி அனுப்பினால்தான் அப்டேட் இறங்கும். வாணி விழுந்து விழுந்து சிரித்தாள். கிருஷ்ணப்பா சிரிக்கவில்லை. வாசுவைக் கூப்பிட்டு மைசூர்பாகு கொடுத்தார்.

அந்த மனிதரையா இவன் அடிப்பான்?

"முடிஞ்சுதாம்மா?"

சப்-இன்ஸ்பெக்டர் மாலா. ரிப்போர்ட் கன்னடத்தில், அதட்டல் தமிழில்... இரண்டும் அவளுக்குச் சுத்தமாக வரும். மேஜையில் பிளாஸ்டிக் கவர்கள் வரிசையாக இருந்தன. ஒன்றில் சுத்தியல். ஒன்றில் உடைந்த மூக்குக் கண்ணாடி. இன்னொன்றில் கிருஷ்ணப்பாவின் பட்டன் போன். யார் கூப்பிடுகிறார்கள் என்று பார்ப்பதற்காக அதை அணைக்காமல் வைத்திருந்தாள்.

"மேடம், அவரு இதைச் செய்யல."

"எல்லா பொண்டாட்டியும் இதைத்தாம்மா சொல்றாங்க. சுத்தியல் அவரோடது. ரேகை அவரோடது. சண்டை போட்டதுக்கு சாட்சி இருக்கு. சாயங்காலம் நாலு மணிக்குக் கோலார் கோர்ட்ல நிறுத்தறேன். அப்பறம் என் கையில ஒண்ணும் இல்ல."

"கிருஷ்ணப்பாவோட மருமகன்..."

மாலா நிமிர்ந்தாள்.

"விநாயக்கா? எனக்கும் முதல்ல அவன் மேலதான் கண்ணு போச்சு. பொண்டாட்டி பல்லவியைப் போட்டு அடிச்சிருக்கான். அது ரெண்டு மாசமா அப்பா வீட்லதான். இன்னிக்கு அப்பாவும் பொண்ணும் கோலாருக்குப் போய் அவன் மேல கேஸ் குடுக்கறதா இருந்தாங்க. பல்லவி உடம்புல இருந்த காயத்தையெல்லாம் பாத்த ஒரே சாட்சி அந்தப் பெரியவர்தான்."

"அப்பறம் இன்னா மேடம்?"

"நேத்து பல்லவி வழக்கம்போல முதல் ரயில்ல பெங்களூருக்கு வேலைக்குப் போயிடுச்சு. இவன் ரெண்டுலருந்து மூணு வரைக்கும் டவுன்ஷிப் வீட்ல, ஆபீஸ் வீடியோ மீட்டிங். ஒன்பது பேர் பாத்திருக்காங்க. அவன் ரூமு, பின்னாடி சுவத்துல காலண்டர் எல்லாம் தெரிஞ்சிருக்கு. நடுவுல கொஞ்ச நேரம் கேமராவை அணைச்சிருக்கான், ஆனா மீட்டிங்கை விட்டு வெளிய வரவே இல்ல. கம்பெனியே எழுதிக் குடுத்திருக்கு."

மாலா ஃபைலை மூடினாள்.

"ஆய்த்து... முடிஞ்சுது. வீட்டுக்குப் போம்மா."

* * *

வீட்டுக்குப் போகவில்லை. கடைக்கு வந்தாள்.

இன்று மைசூர் மைன்ஸ் முறை. இரண்டு பத்துக்கு அப்டேட். கணவன் லாக்கப்பில் இருந்தாலும் ஊருக்கு நெட் போய்க்கொண்டுதானே இருக்க வேண்டும்?

மணி ஒன்று ஐந்து.

தெருவில் ஆள் இல்லை. வெயில் மட்டும் இருந்தது. பாதி ஊர் பெங்களூருக்கு வேலைக்குப் போயிருந்தது. மீதி ஊர் சாப்பிட்டுப் படுத்திருந்தது.

கண்ணாடிக் கதவு திறந்தது.

வெள்ளைச் சட்டை. ஷேவ் செய்யாத முகம். சோகம் அளவாக இருந்தது.

விநாயக்!

"டிஸ்டர்ப் பண்ணிட்டேனா? வெயில் ஜாஸ்தி" என்றபடி ஷட்டரைப் பாதிக்கு இழுத்துவிட்டான். அறைக்குள் இருட்டு சரிந்தது.

வாணி பாதி மூடிய ஷட்டரைப் பார்த்தாள். பயத்தைக் காட்டிக்கொள்ளவில்லை.

"சொல்லுங்க சார். இன்னா வேணும்?"

"சின்ன ஹெல்ப். மாமா வீட்டு ரௌட்டரை ஆட்டோ அப்டேட்ல போடணும்."

வாணி அவனையே பார்த்தாள். மாமனார் செத்து ஒரு நாள் முழுதாக முடியவில்லை. பிணம் இன்னும் ஆஸ்பத்திரியில் இருக்கிறது. இவனுக்கு ரௌட்டர் கவலை!

"யாருமே இல்லாத வூட்டுக்கு இப்ப அப்டேட் இன்னாத்துக்கு சார்?"

"காரியம் எல்லாம் அங்கதான நடக்கும். வெளியூர் சொந்தக்காரங்க வீடியோல பாக்கணும்பாங்க. அந்த ரௌட்டர் ரொம்பப் பழைய வெர்ஷன், செக்யூரிட்டி ரிஸ்க். போலீஸ் சீல் வெச்சிருக்கறதால உள்ள போய்ப் பண்ண முடியல. நீங்க இங்கருந்தே பண்ணிடலாம் இல்ல?"

"பண்ணலாம்."

"நான் எப்பவுமே ஆட்டோ அப்டேட் பக்கம்தான் மேடம். என் வீட்ல முதல் நாள்லருந்தே ஆன். மனுஷன் மறந்துடுவான், சோம்பேறித்தனம் பண்ணுவான். மெஷின் மறக்காது. மாமாகிட்ட எவ்வளவோ சொன்னேன். பெல்லு, கேஜுன்னு பழைய கதையே பேசுவாரு." சிரித்தான். "ராத்திரி மூணு மணிக்கு நாம தூங்கறப்போ தானா முடிஞ்சிடும். யாருக்கு என்ன நஷ்டம்? ஆனா இதுக்கு மூணு மணி வரைக்கும் வெயிட் பண்ண வேணாம். இப்பவே போட்டுடுங்க."

ராத்திரி மூணு மணி!

உலகம் முழுக்க அப்படித்தான். தங்கவயலில் அப்படி இல்லை. மாரிகுப்பத்திலிருந்து முதல் ரயிலைப் பிடிக்க இந்த ஊர் ராத்திரி மூன்று மணிக்கே எழுந்து டிபன் பாக்ஸ் கட்டுகிறது. ஆரம்பத்தில் வாணியும் மூன்று மணிக்குத்தான் அப்டேட் இறக்கினாள். ரயில் எந்த நேரத்துக்குப் புறப்படுகிறது என்று பார்க்க நெட் இல்லாமல் மூன்று தெரு ஆட்கள் வண்டியைக் கோட்டை விட்டார்கள். மறுநாள் கடை வாசலில் நடந்த அர்ச்சனை அவளுக்கு ஏழு ஜென்மத்துக்கும் போதும். அன்றிலிருந்து எல்லா அப்டேட்டும் வீடுகள் காலியாகக் கிடக்கும் மதியம் இரண்டு பத்துக்கு.

டவுன்ஷிப்பில் பிறந்து, வீட்டில் உட்கார்ந்தே வேலை பார்க்கிறவனுக்கு முதல் ரயில் எங்கே தெரியப் போகிறது?

"சரிங்க சார், பாக்கறேன்" என்று கம்ப்யூட்டர் பக்கம் திரும்பினாள்.

"உங்க நெட்டைக் குறையே சொல்ல முடியாது மேடம்" என்றான் விநாயக் பின்னாலிருந்து. "நேத்துகூட ரெண்டுலருந்து மூணு மணி வரைக்கும் வீட்ல மீட்டிங். ஒரு செகண்ட்... ஒரே ஒரு செகண்ட்கூட கட் ஆகல."

மவுஸ் மேல் இருந்த வாணியின் கை அப்படியே நின்றது.

நேற்று.

இரண்டு பத்து.

டவுன்ஷிப்.

மெல்ல அவன் வீட்டுப் பக்கத்தைத் திறந்தாள். 'ஆட்டோ அப்டேட்: ஆன். திங்கள் மதியம் 2.10: அணைந்தது. 2.14: மீண்டும் இணைந்தது.'

நான்கு நிமிடம் அவன் வீட்டில் நெட்டே இல்லை. அவன் மீட்டிங் மட்டும் ஒரு வினாடிகூட அறுபடவில்லை!

அப்படியென்றால் அவன் அந்த வீட்டில் இல்லை. எங்கேயோ உட்கார்ந்து, போன் நெட்டில் பேசியிருக்கிறான். பின்னால் தெரிந்தது அவன் ரூம் இல்லை. அவன் ரூமின் போட்டோ.

வாணி கிருஷ்ணப்பா வீட்டுப் பக்கத்தைத் திறந்தாள். கிழவர் அதை மாற்றவே விடவில்லை. நானூறு நாளுக்கு மேலாக ஒரு தடவைகூட அணையாத ரௌட்டர். யார் யார் எப்போது வை-ஃபையில் சேர்ந்தார்கள் என்ற பட்டியல் அதன் வயிற்றுக்குள் அப்படியே இருந்தது.

கடைசி வரி.

'விநாயக் போன். திங்கள் மதியம் 2.06: சேர்ந்தது. 2.17: விலகியது.'

மருமகனாக வந்து போன காலத்தில் அந்த வை-ஃபையின் பாஸ்வேர்டை அவன் போன் தெரிந்து வைத்திருந்தது. வீட்டுக்குள் கால் வைத்ததும் அதுவாகவே சேர்ந்துகொண்டது. கிருஷ்ணப்பா செத்துக்கொண்டிருந்த நேரத்தில், அவன் ஆபீஸ் மீட்டிங் அவருடைய வை-ஃபையிலேயே ஓடியிருக்கிறது!

அதைப் பிறகுதான் கவனித்திருக்க வேண்டும். அதனால்தான் இந்த அவசரம். அப்டேட் இறங்கினால் ரௌட்டர் அணைந்து எழும். எழும்போது இந்தப் பட்டியல் இருக்காது.

"ஏன் நிறுத்திட்டீங்க?"

குரல் காதருகே கேட்டது.

விநாயக் நாற்காலியை இழுத்துக்கொண்டு மேஜையைச் சுற்றி அவள் பக்கமே வந்துவிட்டான். வாணி பக்கத்தை மூடுவதற்கும் அவன் உட்காருவதற்கும் சரியாக இருந்தது.

பார்த்துவிட்டானா?

முகத்தில் ஒன்றும் தெரியவில்லை. மேஜையிலிருந்த அவள் மொபைலை எடுத்தான். திருப்பிப் பார்த்தான். தன் சட்டைப் பையில் போட்டுக்கொண்டான்.

"வேலை பண்றப்போ போன் இருந்தா கவனம் சிதறும் மேடம்."

மின்விசிறி நின்றது. கரண்ட் போயிற்று. கடையின் பேட்டரியில் கம்ப்யூட்டர் மட்டும் முனகிக்கொண்டிருந்தது.

"மைசூர் மைன்ஸ்லயும் கரண்ட் போயிருக்குமா?" என்று கேட்டான். கண்ணில் ஒரு சின்ன ஒளி.

"போயிருக்கும். ஆனா ரௌட்டர் அணையாது. எங்க வூட்டுக்காரர் எல்லா வூட்டுக்கும் பேட்டரி டப்பா வெச்சிருக்காரு."

"ஓ." ஒளி அணைந்தது. "நல்ல மனுஷன். கோவத்துல தெரியாம செஞ்சிட்டேன்னு ஒத்துக்கிட்டா தண்டனை கம்மியாகும். நான்கூட நல்ல வக்கீலைப் பாத்துத் தரேன். நீங்க தனியா இருக்கீங்க... உங்களுக்கு எதுவும் ஆகிடக் கூடாது பாருங்க."

அக்கறையாகத்தான் சொன்னான்.

"போடுங்க மேடம். நான் பாக்கறேன்."

அவன் பார்த்துக்கொண்டிருந்தான். அவனுக்குத் தெரியாமல் திரையை ஒரு படம்கூடப் பிடித்து வைக்க முடியாது. கத்தினால் கேட்க தெருவில் ஆள் இல்லை. வாசு உயிரோடு வெளியே வர இருக்கிற ஒரே சாட்சி, அந்த ஒரு வரி. அதை அவள் கையாலேயே அழிக்கச் சொல்கிறான்.

வாணி ஒரு கணம் கண்ணை மூடினாள்.

'கிருஷ்ணப்பா, மைசூர் மைன்ஸ்' என்ற வரிக்கு வந்தாள். அப்டேட் சுவிட்சைத் தட்டினாள்.

ஆன்.

"இன்னிக்கு அந்த ஏரியாவுக்கு ரெண்டு பத்துக்கு இறங்குது சார். அதோட சேந்து போயிடும்."

"மதியானமா? பரவால்ல, நல்லதுதான்" என்றான். யோசித்திருந்தால் அந்த இடத்தில் அவனுக்கே வியர்த்திருக்கும். யோசிக்கவில்லை. "வெயிட் பண்றேன்."

மணி ஒன்று இருபத்தெட்டு.

இரண்டு நிமிடம் கழித்துக் கடை போன் அடித்தது!

விநாயக் தலையை ஆட்டினான். வாணி ரிசீவரை எடுத்தாள். அவன் கை அவள் நாற்காலியின் முதுகில் இருந்தது.

"கேஜ் நெட்டுங்க... சொல்லுங்க மேடம்... ஆமாங்க, இங்கருந்துதான் வந்திருக்கும்... இல்லைங்க, பதில் எதுவும் அனுப்பிடாதீங்க. அப்படியே வெச்சிருங்க... கடையிலதான் கீறேன். ஒரு கஸ்டமர் குந்திக்கினு கீறாரு, டவுன்ஷிப்காரரு... நேர்ல வந்துட்டா நல்லாருக்கும் மேடம். நான் எங்கியும் போக முடியாது."

வைத்தாள்.

"யாரு?"

"எப்பவும் போலத்தான் சார். கம்ப்ளெய்ன்ட்டு."

* * *

இரண்டு மணி.

விநாயக் ஒரு பாட்டை முணுமுணுத்துக்கொண்டிருந்தான். மேஜையில் கிடந்த கேபிள் வெட்டும் கத்தியை எடுத்து நகத்தைச் சுத்தம் செய்தான்.

இரண்டு ஐந்து.

வாணி வாசலைப் பார்க்கவில்லை. பார்த்தால் அவனும் பார்ப்பான்.

இரண்டு பத்து.

திரையில் மைசூர் மைன்ஸின் வீடுகள் ஒவ்வொன்றாகச் சிவப்பாக மாறின. பத்து... ஐம்பது... நூறு. விநாயக் முன்னால் குனிந்தான். நான்கு நிமிடம் கடந்தது. சிவப்புகள் பச்சையாக மாறின.

ஒரே ஒரு வீடு மஞ்சளாகவே நின்றது.

'கிருஷ்ணப்பா: சம்மதத்துக்குக் காத்திருக்கிறது.'

"என்ன இது?"

"அந்த வூடு பெல் லிஸ்ட்ல கீது சார். கஸ்டமர் சம்மதம் சொன்னாத்தான் இறங்கும்."

"கஸ்டமர்தான் செத்துட்டாரே."

"அதான் சார் இறங்கல" என்றாள் வாணி.

விநாயக் மெல்ல எழுந்தான். ஷட்டரை முழுதாக இழுத்து மூடினான். திரும்பியபோது முகத்தில் சோகம் போயிருந்தது. இதற்குத்தான் பல்லவி வீட்டைவிட்டு ஓடி வந்திருக்கிறாள் என்று அந்த முகத்தைப் பார்த்ததும் வாணிக்குப் புரிந்தது.

"நீ அந்த லிஸ்டைப் பாத்துட்ட இல்ல? அழிடி."

"இங்கருந்து அழிக்க முடியாது."

"முடியும். உனக்கு முடியாதது எதுவும் இல்ல. அழிக்கலேன்னா, புருஷன் ஜெயிலுக்குப் போன துக்கத்துல நீ..."

கத்தி அவள் கழுத்துப் பக்கம் வந்தது.

வாணி நகரவில்லை. காதைத் தீட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.

டண்... டண்... டண்.

ஷட்டரில் லத்தியால் மூன்று அடி!

ஷட்டர் சரசரவென்று மேலே போனது. வெயில் உள்ளே பாய்ந்தது. மாலாவும் இரண்டு கான்ஸ்டபிள்களும் நின்றார்கள். மாலாவின் கையில் பிளாஸ்டிக் கவர். கவருக்குள் கிருஷ்ணப்பாவின் பட்டன் போன்.

"செத்துப் போன மனுஷனோட போன்ல மூணு ரிங்கு" என்றாள் மாலா. "அப்பறம் 'உங்கள் ரௌட்டரை மாற்றலாமா'ன்னு மெசேஜ். கோர்ட் பேப்பரையெல்லாம் முடிச்சிட்டு, கொலை நடந்த வீட்டுப் பொருள்ல யார் கை வெக்கறதுன்னு பாக்க வந்தேன். கத்தியைக் கீழ போடுப்பா."

கத்தி விழுந்தது.

"மேடம், இவங்க என்னை மிரட்டறாங்க" என்று உடனே ஆரம்பித்தான் விநாயக். "புருஷனைக் காப்பாத்த என் மேல பழி போடறாங்க. எனக்கு ஒன்பது பேர் சாட்சி இருக்காங்க. நேத்து ரெண்டுலருந்து மூணு வரைக்கும் நான் என் வீட்ல..."

"உங்க வூட்ல ரெண்டு பத்துலருந்து ரெண்டு பதினாலு வரைக்கும் நெட்டே இல்ல சார்" என்றாள் வாணி. "அப்டேட் இறங்கிச்சு. ஆட்டோல போட்டிருந்தீங்க இல்ல?"

"பொய். அப்டேட் ராத்திரி மூணு மணிக்குத்தான்..."

"ராத்திரி மூணு மணிக்கு எங்க ஊரு முழிச்சிக்கினு இருக்கும் சார். முதல் ரயிலைப் புடிக்கணும்."

விநாயக் வாசல் பக்கம் ஓர் அடி வைத்தான். ஒரு கான்ஸ்டபிள் அவன் தோளைப் பிடித்தார்.

வாணி திரையை மாலா பக்கம் திருப்பினாள். முதலில் அவன் வீட்டுப் பக்கம். பிறகு கிழவர் வீட்டுப் பக்கம். மாலா அந்தக் கடைசி வரியை இரண்டு தடவை படித்தாள்.

"2.06லருந்து 2.17... பதினோரு நிமிஷம். ஒரு மனுஷனைக் கொல்றதுக்கு உனக்கு மீட்டிங் நடுவுலதான் டைம் கெடைச்சுதா?"

கான்ஸ்டபிளின் பிடியில் அவன் தோள் தொய்ந்தது.

"கேஸைப் போடாதேன்னு சொல்லத்தான் போனேன்... மாமா கேக்கல. டேபிள் மேல சுத்தியல் இருந்துச்சு... கர்ச்சீப்பைச் சுத்தி எடுத்தேன்..." என்று முனகினான்.

"பேசறதுக்குப் போறவன் எதுக்குடா ரூம் போட்டோவை ரெடி பண்ணிக்கிட்டுப் போன?"

* * *

மாலை ஐந்து.

வாசு ஸ்டேஷன் படியில் நின்று செருப்பை மாட்டிக்கொண்டிருந்தான். விநாயக்கின் போன் மதியம் மைசூர் மைன்ஸ் டவரில் இருந்ததையும் மாலா விசாரித்து வாங்கிவிட்டாள். பின் சந்தில் அவன் கார் நின்றதைப் பார்த்த ஆளும் கிடைத்துவிட்டான். கோலார் கோர்ட்டுக்குப் போக வேண்டிய ஜீப்பில் ஆள் மட்டும்தான் மாற்றம்.

பல்லவி பெஞ்சில் உட்கார்ந்திருந்தாள். அழுது ஓய்ந்த முகம். வாசுவைப் பார்த்ததும் எழுந்தாள்.

"அண்ணா... அப்பா அந்தப் பெல்லைப் பத்தி எல்லார்கிட்டயும் சொல்லிச் சொல்லிப் பெருமைப்படுவாரு. நான் சிரிப்பேன்."

"நானும் சிரிச்சேன்ம்மா" என்றாள் வாணி. அவருக்கு ஒரு தடவையாவது மரியாதையாகப் பதில் சொல்லியிருக்கலாம்.

வெளியே வந்ததும் வாசு கேட்டான்.

"இப்ப சொல்லு. ரௌட்டரு கேட்டுட்டு மாறணுமா, கேக்காம மாறணுமா?"

"கேக்காம மாறினது அவனைப் பொய்யன்னு காட்டுச்சு. கேட்டுட்டு நின்னது அவனைப் புடிச்சுக் குடுத்துச்சு." வாணி மூக்கை உறிஞ்சினாள். "பெல் லிஸ்டு இருந்துட்டுப் போவட்டும்."

ஜீப் பக்கத்தில் வந்து நின்றது. பின் சீட்டில் விநாயக் தலையைக் குனிந்திருந்தான். மாலா வெளியே எட்டிப் பார்த்தாள்.

"ஒண்ணு கேக்கணும்னு நெனைச்சேன்ம்மா. அந்த லிஸ்டைப் பாத்தது அப்பறம். அதுக்கு முன்னாடியே உனக்கு இவன் மேல எப்படி டவுட் வந்துச்சு?"

வாணி கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

"மூணு வருசமா கடை நடத்தறேன் மேடம். 'உங்க நெட்டு ஒரு செகண்ட்கூட கட் ஆகல'ன்னு ஒருத்தன் வந்து சொன்னா... அவன் கொலைகாரனாத்தான் இருக்கணும்!"